பொந்தியானிலிருந்து 50 கிலோமீட்டர்

வரைபடத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். பொந்தியான் கெச்சில் கடற்கரையிலிருந்து, சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் கூகுளின் ஆசிய பசிபிக் அலுவலகம் வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஜொகூர் பாரு நகரத்துக்குப் போய்வருவதற்கும் இதற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பொந்தியானில் தமிழ்ப்பள்ளி முடித்து, எஸ்.பி.எம். எழுதி, தொழிற்கல்லூரியில் மின்சாரம் படித்த ஒரு பையன் அந்த அலுவலகத்துக்குள் மென்பொருள் பொறியியலாளராக நுழைய முடியுமா? வானொலியில் வேலைவாய்ப்பு பற்றிப் பேசும் நாளெல்லாம் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடும். பெரும்பாலும் கேட்பது பிள்ளைகள் இல்லை, அம்மாக்கள். "தம்பி டிப்ளோமாதான்மா. கம்ப்யூட்டர் படிக்கல. ஆனா ராத்திரி பூரா கம்ப்யூட்டர்லதான் இருக்கான். கூகுள், மைக்ரோசாப்ட் மாதிரி எடத்துல சேத்துக்குவாங்களா?"

நான் படித்தது ஊடகத்துறை. கணினிக்கும் எனக்கும் உள்ள உறவு ஒலிப்பதிவைத் திருத்துவதோடு சரி. அதனால் இந்தக் கேள்விக்கு ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதில் சொல்வதைவிட, பதிலைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை அவருடைய ஊரிலேயே போய்ப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை காலை ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் சாலையைப் பிடித்தேன்.

இந்தச் சாலையில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடங்கள் குறைந்து செம்பனை வருகிறது. பிறகு பெக்கான் நானாஸ். பெயரே 'அன்னாசி நகரம்'. அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகம்கூட இங்கே உண்டு. சாலையோரத்துக் கடைகளில் பழத்தைத் தோல் சீவிப் பையில் போட்டுத் தருகிறார்கள். ஒரு பை வாங்கிக்கொள்ளாமல் யாரும் இந்த ஊரைக் கடப்பதில்லை. நானும் கடக்கவில்லை.

இங்கே ஏன் அன்னாசி? மண்தான் காரணம். இலையும் வேரும் பல்லாண்டுகள் தண்ணீரில் ஊறி மக்கிக் கறுத்துப்போன சதுப்பு மண் இது. புளிப்பு அதிகம். கால் வைத்தால் உள்ளே போகும். பல பயிர்கள் இதில் நிற்காது, அன்னாசி நிற்கும். மார்டி என்ற நம் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1996-இல் வெளியிட்ட 'ஜொசாபைன்' ரகம், 'ஜொகூர்' என்ற வகையையும் 'சரவாக்' என்ற வகையையும் கலந்து உண்டாக்கியது. பெயரிலேயே இரண்டு ஊரும் இருக்கின்றன. பழக்கடைக்காரர் அம்மா இதையெல்லாம் விளக்கவில்லை. "இது நல்ல இனிப்பு, எடுத்துக்க" என்றதோடு சரி.

பெக்கான் நானாசுக்கு அப்பால் நிலம் தட்டையாகிவிடும். கிராமங்களின் பெயர்கள் 'பாரிட்' என்று தொடங்கும். பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பை வடித்து நிலமாக்க வெட்டிய வாய்க்கால்கள், வெட்டியவர்களின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றன. ஜாவாவிலிருந்தும் சுலாவேசியிலிருந்தும் வந்தவர்கள், சீனர்கள், தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் என்று வந்தவர்களால் ஆன மாவட்டம் இது. நம் எண்ணிக்கை குறைவுதான். பொந்தியான் என்ற சொல்லே 'பெர்ஹெந்தியான்', அதாவது நின்று இளைப்பாறும் இடம் என்பதிலிருந்து வந்ததாக இங்குள்ளவர்கள் ஒரு கதை சொல்வார்கள்.

சிங்கப்பூரில் பொந்தியான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வான்தான் மீ. இந்த ஊரின் பெயரைத் தாங்கிய நூடுல்ஸ் கடைகள் அங்கே பேரங்காடிகளுக்குள்ளேயே இருக்கின்றன. எந்தச் சான்றிதழும் காட்டாமல் எல்லை தாண்டிய பொந்தியான்காரர் அது ஒன்றுதான் என்று நான் சொன்னபோது, எதிரில் இருந்த தம்பி சிரித்தார்.

அவர்தான் நான் பார்க்கப் போனவர். வயது 24. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "வேலைல ஆப்பீசுல யாருக்கும் தெரியாதுக்கா, நான் இண்டர்வியூ போறது." கடலைப் பார்த்த மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வைத்துக்கொண்டு பேசினோம்.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுநர். அம்மா பள்ளி உணவகத்தில் சமையல். தொழிற்கல்லூரியில் மின்சாரப் பிரிவு முடித்ததும் கேலாங் பாத்தா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புத் தொழில்நுட்பராகச் சேர்ந்தார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு நாள் இயந்திரம் நின்றபோது, அதைக் கட்டுப்படுத்தும் நிரலைத் திறந்து பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தார். இருபது நிமிடம் மடிக்கணினியில் தட்டினார். இயந்திரம் ஓடியது. "நான் மூணு மணி நேரம் ஸ்பேனர் வெச்சுக்கிட்டு சுத்துனேன்க்கா. அவரு கையில எண்ணெயே படல."

அன்று இரவே இணையத்தில் தேடத் தொடங்கினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கணினிப் பாடமான சிஎஸ்50 இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளம் இன்னொன்று. 2014-இல் அதைத் தொடங்கிய குவின்சி லார்சன் முன்பு பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர், முப்பது வயதுக்குப் பக்கத்தில்தான் நிரலாக்கமே கற்றார். இவை எல்லாம் இருந்தும் தனியாகப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தான் செய்தது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. எட்டு மாதத்தில் நின்றுபோனார்.

பிறகுதான் '42' என்ற பள்ளி பற்றிக் கேள்விப்பட்டார். பெயரே எண்தான். 2013-இல் பாரிசில் சேவியர் நியல் என்ற தொலைத்தொடர்புத் தொழிலதிபர் தொடங்கியது. ஆசிரியர் கிடையாது. பாடவேளை கிடையாது. கட்டணமும் கிடையாது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான், சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்கள். உலகமெங்கும் கிளைகள் உண்டு. மலேசியாவில் முதலில் சன்வேயில் கோலாலம்பூர் கிளை வந்தது. பிறகு நம் ஜொகூரிலேயே இஸ்கந்தர் புத்ரியில் ஒன்று. பொந்தியானிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

சேர்வதற்கு முன் நான்கு வாரச் சோதனை ஒன்று உண்டு. அதற்கு 'பிசின்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் நீச்சல்குளம். தள்ளிவிடுவார்கள், நீந்தினால் உள்ளே. முதலில் ஷெல் கட்டளைகள், பிறகு சி மொழி. கணினியில் தயாராகக் கிடைக்கும் சின்னச் சின்ன செயற்கூறுகளைக்கூடப் பயன்படுத்தக் கூடாது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் கருவியைக்கூட நீங்களேதான் எழுத வேண்டும். எழுதியதைப் பக்கத்தில் இருக்கும் மாணவர் திருத்துவார், நீங்கள் அவருடையதைத் திருத்துவீர்கள். அதற்கு மேல் ஒரு தானியங்கித் திருத்தி இருக்கிறது. ஐந்து பயிற்சிகளில் இரண்டாவது தவறென்றால் அதற்குப் பிந்திய மூன்றும் சரியாக இருந்தாலும் அது பார்க்காது. வெள்ளிக்கிழமை தோறும் நான்கு மணி நேரத் தேர்வு. கடைசித் தேர்வு எட்டு மணி நேரம்.

"மொதல் வெள்ளிக்கிழமை சைபர்க்கா" என்றார் தம்பி, மிக இயல்பாக. "பக்கத்துல இருந்த பொண்ணு அக்கவுண்டிங் படிச்சது. அதுவும் சைபர். ரெண்டு பேரும் அன்னிக்கு ராத்திரி அங்கேயே உக்காந்து மறுபடியும் போட்டோம்."

ஆசிரியர் இல்லாத பள்ளி என்றதும் நமக்கு ஏகலைவன் நினைவு வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஏகலைவன் தனியாகப் பயின்றவன். இங்கே தனியாக இருந்தால் தோற்றுவிடுவீர்கள் என்பதுதான் விதியே. கேட்டுக் கேட்டுக் கற்பது, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துக் கற்பது. அமைதியாக உட்கார்ந்து படித்தால் முன்னேறலாம் என்று பழக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் அடி என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு விலை இருந்தது. வேலையை விட வேண்டியிருந்தது. மாதம் ஓடியுடன் 3,000 ரிங்கிட் வந்துகொண்டிருந்த வேலை. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. "சர்டிபிகேட்டும் இல்ல, வாத்தியாரும் இல்ல, சம்பளமும் இல்ல. அப்புறம் அங்க என்னதான் இருக்கு?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. தம்பி வார இறுதியில் உணவு விநியோகம் செய்து தன் செலவைப் பார்த்துக்கொண்டார். ஒன்றேகால் ஆண்டில் அடிப்படைப் பாடங்கள் முடிந்தன. இப்போது ஜொகூர் பாருவில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. பதினோரு பேர். கிடங்குகளில் சரக்கு எங்கே இருக்கிறது என்று கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். சம்பளம் தொழிற்சாலையில் வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"இதோட நிக்கலாமே?" என்றேன்.

"நிக்கலாம்க்கா. ஆனா அந்தப் பக்கம் தெரியுதே" என்று கடலைக் காட்டினார். பொந்தியானிலிருந்து தெரிவது மலாக்கா நீரிணைதான், சிங்கப்பூர் இல்லை. ஆனாலும் புரிந்தது.

பெரிய நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு எப்படி இருக்கும் என்று கேட்டேன். வேலை அனுபவம் பற்றி, குடும்பம் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. நாற்பத்தைந்து நிமிடம், ஒரு புதிர், அதைத் தீர்க்கும் நிரலைக் கண்முன் எழுத வேண்டும். எழுதும்போதே எதற்காக அப்படி எழுதுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்படி நான்கைந்து சுற்று. அமேசான் என்றால் இதோடு அவர்களுடைய 16 தலைமைத்துவக் கொள்கைகளை வைத்து, நீங்கள் வாழ்க்கையில் நடந்துகொண்ட விதம் பற்றியும் துருவிக் கேட்பார்கள்.

புதிர்கள் எதைப் பற்றியவை? தம்பி பக்கத்துக் கடையைக் காட்டினார். வான்தான் மீக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "மொதல்ல வந்தவருக்கு மொதல்ல. இது க்யூ." பிறகு கழுவி அடுக்கி வைத்திருந்த தட்டுகளைக் காட்டினார். "கடைசியா வெச்ச தட்டத்தான் மொதல்ல எடுப்பாங்க. இது ஸ்டாக்." தரவை எப்படி அடுக்கி வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் வேலை வேகமாகவும் மெதுவாகவும் நடக்கும். அகர வரிசையில் பத்து லட்சம் பெயர் உள்ள பட்டியலில் ஒரு பெயரைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் முறை பார்க்க வேண்டி வரலாம். நடுவில் திறந்து, நமக்கு வேண்டியது முன்னாலா பின்னாலா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மறுபடியும் நடுவில் திறந்தால்? இருபதே முறை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கைப்பேசியில் பத்து லட்சத்தை இரண்டால் வகுத்துக்கொண்டே போனேன். இருபதாவது முறையில் ஒன்றுக்கு வந்துவிட்டது.

"அக்கா, இது கெட்டிக்காரத்தனம் இல்ல. பழக்கம். பூப்பந்து மாதிரி" என்றார். நானூறு புதிர்களுக்கு மேல் போட்டிருக்கிறார். ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் எங்கே தடுக்கியது என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பட்டம் கேட்கிறார்களா, இல்லையா? கூகுளின் பல வேலை அறிவிப்புகளில் இளங்கலைப் பட்டம், 'அல்லது அதற்கு நிகரான நடைமுறை அனுபவம்' என்றுதான் இருக்கும். அந்த 'அல்லது' உண்மையானது. 2013-இல் அப்போதைய கூகுள் மனிதவளத் தலைவர் லாஸ்லோ போக், தங்கள் நிறுவனத்தில் சில குழுக்களில் 14 சதவீதம் பேர் கல்லூரிக்கே போகாதவர்கள் என்று சொன்னார். இதைப் பலர் கூகுளில் 14 சதவீதம் பேர் அப்படி என்று திரித்துப் பகிர்கிறார்கள். அவர் சொன்னது சில குழுக்களைப் பற்றி. நிகரான அனுபவம் என்பதும் வெறுங்கையோடு வருவதல்ல, வேறெங்காவது உண்மையான பயனர்களுக்காக மென்பொருள் எழுதி, அது உடைந்து, அதை நள்ளிரவில் சரிசெய்த அனுபவம். அதனால்தான் தம்பியின் பதினோரு பேர் நிறுவனம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதல் கதவு சின்னதாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் சோஹோ நிறுவனம் 2011 முதல் மென்பொருள் அலுவலகம் நடத்துகிறது. சுற்றிலும் வயல், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த நிறுவனம் 2000-களின் நடுவிலேயே பிளஸ் டூ முடித்தவர்களையும் டிப்ளோமா படித்தவர்களையும் எடுத்துத் தானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. முதல் அணியில் ஆறு பேர். கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு ஆண்டு கற்பித்து வேலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்று அது சோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங். பட்டம் தேவையில்லை என்று ஊரெல்லாம் சொல்லும் ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது தனிக் கதை. கல்லூரிக்குப் போனவர்களுக்குத்தான் அதன் அருமையும் அருமையின்மையும் தெரியும் போலும்.

மத்தளம்பாறைக்கும் பொந்தியானுக்கும் என்ன வேறுபாடு? அங்கே நிறுவனம் கிராமத்துக்கு வந்தது. இங்கே பையன் எல்லை தாண்டிப் போக வேண்டும். எல்லையில்தான், வேலை அறிவிப்பில் இல்லாத ஒரு கேள்வி காத்திருக்கிறது.

தம்பி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். புதிர் இல்லை, கணக்கு. சிங்கப்பூரில் மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வேண்டும். அதற்கு 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி, வயது கூடக் கூட இதுவும் கூடும். அதற்கு மேல் 2023 செப்டம்பரிலிருந்து 'காம்பஸ்' என்ற புள்ளி முறை. தேற 40 புள்ளி வேண்டும். சம்பளத்துக்கு 0, 10 அல்லது 20. கல்வித் தகுதிக்கும் அப்படியே. பேர்பெற்ற பல்கலைக்கழகம் என்றால் 20, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் என்றால் 10, பட்டம் இல்லை என்றால் சைபர். மற்ற இரண்டு, நிறுவனத்தைப் பொறுத்தவை. உங்கள் நாட்டுக்காரர்கள் அங்கே எவ்வளவு பேர், உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை தருகிறார்கள் என்பவை. நிறுவனத்தின் நிபுணர் நிலைப் பணியாளர்களில் கால்வாசியோ அதற்கு மேலோ மலேசியர்கள் என்றால் அந்தப் பகுதியிலும் நமக்குச் சைபர்.

இதை அவர் போட்டுக் காட்டிய விதம் இது. நிறுவனத்தைப் பொறுத்த இரண்டிலும் பத்துப் பத்து கிடைத்தால் 20. மிச்சம் 20 வேண்டும். பட்டம் இருப்பவர் அதில் 10 வாங்கிவிடுவார். சம்பளத்தில் இன்னொரு 10 போதும், துறையில் தன் வயதுக்கு மேல் 35 சதவீதச் சம்பளக்காரர்களில் ஒருவராக இருந்தால் அது கிடைக்கும். பட்டம் இல்லாதவர் அந்த 20-ஐயும் சம்பளத்திலேயே எடுக்க வேண்டும். அதாவது அந்தத் துறையில் தன் வயதுக்கு மேல் 10 சதவீதச் சம்பளக்காரராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள வேலையாக அமைந்து கூடுதல் புள்ளி கிடைக்க வேண்டும். மாதம் 22,500 வெள்ளி தருகிறார்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். "அவ்ளோ குடுத்தா நான் கணக்கே போட மாட்டேன்க்கா" என்றார்.

எஸ் பாஸ் என்ற இன்னொரு அனுமதி இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒதுக்கீடு உண்டு, அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது முதலாளியின் கணக்கு.

ஆக, கூகுள் பட்டம் கேட்காமல் இருக்கலாம், குடிநுழைவு கேட்கிறது. ஊக்கப் பேச்சாளர்கள் எவரும் மேடையில் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. திறமை இருந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். கோலாலம்பூரில் வேலை என்றால் அது பெருமளவு சரி. பாலம் தாண்டுகிறவனுக்கு அது பாதிதான் சரி. பட்டப்படிப்பை நடுவில் விட்டுவிட்டு மூன்று மாதப் பயிற்சி முகாமுக்குப் பல ஆயிரம் ரிங்கிட் கட்டத் துடிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால், அவர்களிடம் இந்த 40 புள்ளிக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

நம் தம்பி காட்டப்படாமலேயே போட்டுப் பார்த்துவிட்டார். வேலை அனுபவத்தைத் தகுதியாக ஏற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் 'அபெல்' என்ற முறை மலேசியாவில் இருக்கிறது, மலேசியத் தகுதி முகமை நடத்துவது. அதன் வழியாகப் பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப்போகிறார். முதலில் வேலை, பிறகு படிப்பு. நம் வீடுகளில் சொல்லும் வரிசைக்கு நேர் எதிர்.

மதியம் அவருடைய மோட்டார் சைக்கிள் முன்னால் போக, நான் காரில் பின்னால் போனேன். கூக்குப் வழியாகத் தஞ்சோங் பியாய். கூக்குப்பில் தண்ணீருக்கு மேல் தூண்களில் நிற்கும் சீன மீனவர் வீடுகள், இறால் வறுக்கும் வாசனை, எதிரே மனிதர் குடியில்லாத அலையாத்திக் காடாக ஒரு தீவு. அதையும் தாண்டிப் போனால் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. பலகை நடைபாதையில் அலையாத்தி மரங்களுக்கு நடுவே நடந்து போய் முனையில் நின்றோம். சேற்றில் சேற்றுமீன்கள் துள்ளின. எதிரே கப்பல்கள், எண்ண முடியாத அளவு கப்பல்கள். 2003-இல் கூக்குப் தீவையும் சுங்கை பூலாயையும் சேர்த்து இந்த ஈரநிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. குழந்தைகளோடு வருகிறவர்கள் குரங்குகளிடம் பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்குப் பக்கம் புகைபோக்கிகள். தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையம். 700 மெகாவாட்டில் மூன்று, 1,000 மெகாவாட்டில் ஒன்று. பொந்தியான் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. இங்கிருந்து போகும் மின்சாரத்துக்கு இப்போது ஜொகூரில் புதிய பெரும்பசி வந்திருக்கிறது. சிங்கப்பூர் 2019-இலிருந்து சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. அந்த அலை ஜொகூருக்குள் திரும்பியது. குலாயிலும் செடெனாக்கிலும் செம்பனை நின்ற இடத்தில் ஜன்னலில்லாத பெட்டிக் கட்டடங்கள் எழுந்தன. குலாயில் ஒய்.டி.எல். நிறுவனமும் என்விடியாவும் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை அமைப்பதாக 2023 டிசம்பரில் அறிவித்தன.

"பெரிய கம்பெனி எல்லாம் இங்கேயே வந்திருச்சே, அங்க ஏன் போகணும்?" என்று கேட்கத் தோன்றும். தரவு மையத்துக்குள் மென்பொருள் எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை. அங்கே வேண்டியவர்கள் மின்சாரம், குளிரூட்டல், கம்பிவடம், பாதுகாப்பு தெரிந்தவர்கள். அதாவது தம்பி தொழிற்கல்லூரியில் எதைப் படித்துவிட்டு விட்டு வந்தாரோ அதைத் தெரிந்தவர்கள். அவருடைய வகுப்புத் தோழர்கள் இருவர் இப்போது அங்கேதான், அவரைவிடக் கூடுதல் சம்பளத்தில். சொல்லும்போது அவர் முகம் மாறவில்லை. மாறவில்லை என்பதை நான் கவனித்தேன்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை நிறுத்தியது. அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாப்ட் 10,000, அமேசான் 18,000 என்று அறிவித்தன. அதே 2022 நவம்பர் கடைசி நாளில்தான் சாட்ஜிபிடி வந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கும் எளிய நிரல்களை இப்போது இயந்திரமே எழுதிவிடுகிறது. நேற்று உள்ளே போனவருக்கு இருந்த வாசல் இன்று அதே அகலத்தில் இல்லை. "அப்புறம் ஏன்பா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"மெஷின் எழுதுறது தப்பா இருந்தா யாரு பாக்கறது? அந்த ஆளு நானா இருந்தா போதும். கூகுள் கெடைக்கலன்னா வேற எதுனா. ஆனா மறுபடியும் ஸ்பேனரத் தூக்கிட்டு மூணு மணி நேரம் சுத்த மாட்டேன்." பிறகு, "ஸ்பேனர் கெட்டதுன்னு சொல்லலக்கா" என்று சேர்த்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் சென்ற முறை இரண்டாம் சுற்றோடு திரும்பினார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு மாதம் வரும் புதன்கிழமை முடிகிறது. இரவு ஒன்பது மணிக்குக் காணொளி வழி முதல் சுற்று. வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துவிடுவதால் ஒரு நண்பரின் மோட்டார் பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில் உட்காரப்போகிறார்.

புறப்படும் முன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அம்மா அன்னாசிப் பச்சடி வைத்திருந்தார். அப்பா லாரியோடு வெளியே போயிருந்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியும், நிகழ்ச்சியும் கேட்பாராம். சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. கை கழுவும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அங்க இ.பி.எஃப். பிடிப்பாங்களா?"

சிங்கப்பூரின் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான், வேலை அனுமதியில் போகிறவர்களுக்குக் கிடையாது என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மாசாமாசம் என்கிட்ட குடுக்கச் சொல்லணும்" என்றார். உள்ளேயிருந்து தம்பி, "மொதல்ல புதன்கிழமை முடியட்டும்மா" என்று குரல் கொடுத்தார்.